மண்டூர்ப் பாதையில் வந்த கட்டை

காலை ஆறரை மணிக்கு மண்டூர்த் துறையில் நின்றோம். யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. என் தங்கச்சி வசந்திக்கு மட்டக்களப்பு நகரத்தில் தையல் பழக இடம் கிடைத்திருந்தது. செவ்வாய்தோறும் போக வேண்டும்.

சுனாமி வந்தபோது அவள் கடற்கரை ஊரான கல்லாற்றில் இருந்தாள். மதில் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதன்பிறகு ஒருமுறை பஸ்ஸில் ஏற்ற நாலு ஆண்கள் அவளைத் தூக்கினார்கள். சேலை விலகியதைச் சனம் பார்த்தது. அன்றோடு பஸ்ஸை விட்டவள்.

“அண்ணன், இண்டைக்கு ஒருத்தரும் என்னைத் தூக்கப்படாது. தூக்கினா தையலும் வேணாம், திரும்பி வந்திருவன்,” என்றாள்.

நான் தலையாட்டினேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன் நான். யாரும் தூக்க வந்தால் எப்படித் தடுப்பேன் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

பாதை வந்தது. தட்டையான பெரிய படகை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கரையில் பலகையைச் சாய்த்தார்கள். இங்கே ஒரு வழக்கம்: சக்கரச் சில்லு உள்ளதெல்லாம் முதலில் ஏறி நடுவில் நிற்கும், ஆட்கள் பிறகுதான் ஏறுவார்கள். மோட்டார்சைக்கிளோடு வசந்தியின் சக்கர நாற்காலியும் உருண்டு போனது. ஓட்டி கணபதியண்ணன் சில்லின் அடியில் உருளாமலிருக்க ஒரு மரக்கட்டையை அணையாக வைத்தார்.

வாவி கண்ணாடிபோல் கிடந்தது. நீர்க்காகங்கள் கம்புகளில் சிறகு விரித்து நின்றன.

மறுகரையில் குருமண்வெளியில் இறங்கினோம். பாதைச் சனத்துக்காக அங்கே ஒரு தனியார் பஸ் நின்றது. சாரதி காத்தான்குடிக்காரர். பின்கதவை அகலமாக வெட்டி, இரண்டு இருக்கைகளைக் கழற்றியிருந்தார். கதவின் கீழ் நீளமான பலகை ஒன்று கிடந்தது.

யாரும் ஏறவில்லை. கொண்டக்டர் குழம்பிப்போனார்.

“ஏன் நிக்கிறீங்க? ஏறுங்க.”

மீன்கூடையோடு நின்ற அக்கா சொன்னார்: “முதல்ல சில்லு ஏறட்டும் தம்பி.”

“இது பாதையில்லக்கா, பஸ்.”

“தண்ணி இல்லாத பாதைதானே. பலகையப் போடு.”

எல்லாரும் சிரித்தார்கள். வசந்தி சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்துவிட்டு, சாரதியை நானா என்று அண்ணன் முறையில் கூப்பிட்டாள்.

“நானா, இது மூடை ஏத்துற பலகையா?”

“ஓம் தங்கச்சி. புடவை மூடையத் தூக்கி ஏத்தினா கிழிஞ்சிரும். மூடைக்கே அந்த மரியாதை எண்டா ஆளுக்கு வேணாமா?”

அவள் என் கையை விலக்கிவிட்டு, சில்லைத் தானே தள்ளினாள். பாதிப் பலகையில் ஒருமுறை நின்று, மறுபடி தள்ளினாள். நான் பின்னால் நின்றேன், தொடவில்லை. அவள் மேலே போய்ச் சேர்ந்தாள். ஒரு பலகை இவ்வளவு செய்யுமா என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொண்டக்டர் கூப்பிட்ட பிறகுதான் ஏறினேன்.

பஸ் புறப்பட்டதும் நாற்காலி பின்னால் உருண்டது. வசந்தி மடியிலிருந்த பையை விலக்கினாள். கணபதியண்ணனின் கட்டை அங்கே இருந்தது. பாதையிலிருந்து இறங்கும்போது எடுத்து மடியில் வைத்தவள் கொடுக்க மறந்துவிட்டாள். சில்லுக்கு அணை வைத்தேன். முப்பது கிலோமீற்றர் அளவு தூரம், நாற்காலி அசையவில்லை. கல்லடிப் பாலத்தில் பஸ் மெதுவாக ஊர்ந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டி, இரண்டு பக்கமும் விரிந்த வாவியை அவள் பார்த்தாள். அவளுடைய மூச்சில் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

தையல் பழக்கும் கட்டடத்துக்கு மூன்று படி. பக்கத்தில் சீமெந்துச் சரிவு ஒன்றும் இருந்தது. ஊரில் கோயில், அரச கந்தோர், கடை எல்லாவற்றுக்கும் படிதான் கட்டுகிறோம். சரிவுக்கும் அதே சீமெந்துதானே.

மாலையில் குருமண்வெளியில் கணபதியண்ணன் காத்திருந்தார்.

“கட்டைக் கள்ளி வாறா. காலையில இருந்து மோட்டார்சைக்கிளுக்கு என்ர காலத்தான் அணை வச்சிருக்கன்.”

வசந்தி கட்டையை நீட்டினாள். “இந்தாங்க. ஆனா வாற செவ்வாயும் எனக்கு வேணும்.”

அவர் வாங்கவில்லை. “வச்சுக்கொள் புள்ள. நான் வேற வெட்டுறன்.”

அடுத்த செவ்வாய் மண்டூர்த் துறைவரை மட்டும் வசந்தியோடு போனேன். சில்லு ஏறியது, ஆட்கள் ஏறினார்கள், பலகையைத் தூக்கினார்கள். நான் கரையில் நின்றேன்.