மீதி குளுக்கோஸ் தண்ணீர்

என் மனைவி குடிக்க வேண்டிய குளுக்கோஸ் தண்ணீரில் பாதியை நான் குடித்தேன். அவளே முழுவதும் குடித்ததாகப் பொய்யும் சொன்னேன்.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்த ஆறாம் மாதம். பெரம்பலூரில் ஒரு மருத்துவமனை. கர்ப்பிணிக்குச் சர்க்கரை நோய் வந்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. டம்ளர் முழுவதையும் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். பாதியிலேயே செல்விக்குக் குமட்டியது. வாய் கொப்பளிக்க எழுந்து போனாள்.

மீதம் வைத்தால் மறுநாள் திரும்ப வர வேண்டும். மறுநாள் எனக்கு அரியலூரில் செய்தி சேகரிக்கும் வேலை. அவள் மேல் இரக்கப்பட்டுக் குடித்தேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான்... இல்லை. வேலைதான் காரணம்!

காலி டம்ளரைப் பார்த்த செவிலியர், "முழுசும் குடிச்சாச்சா?" என்றார்.

"குடிச்சாச்சு சிஸ்டர்."

செல்வி திரும்பி வந்தாள். "மீதி எங்கங்க?"

"இவ்ளோ போதும்னுட்டாங்க."

சர்க்கரை இல்லை என்று முடிவு வந்தது. எறையூரில் உள்ள தாய்வீட்டுக்குப் போனவள் கரும்புச் சாற்றை ஆசை தீரக் குடித்தாள். மகன் மிகுந்த எடையோடு பிறந்தான். பிறந்ததும் அவனுக்குச் சர்க்கரை அளவு இறங்கிவிட, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

"அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தாத்தான் குழந்தைக்கு இப்படி ஆகும். டெஸ்ட்ல நார்மல்னுதானே இருக்கு?" என்று மருத்துவர் குழம்பினார். பக்கத்தில்தான் நின்றேன். ஏன் வாய் திறக்கவில்லை? அப்போது எந்த வேலை என்னைத் தடுத்தது?

பிழைத்துக்கொண்டான். இன்று பள்ளி வேனைப் பார்த்ததும் ஓடுகிறான். வீட்டில் குறையேதும் இல்லை. செல்வி மறுபடி கர்ப்பமாக இருக்கிறாள். இம்முறை டம்ளரைக் காலி செய்து, கவிழ்த்தும் காட்டினாள்! சர்க்கரை இருப்பது தெரிந்தது. சாப்பாட்டு முறையிலேயே கட்டுக்குள் நிற்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மூவரும் தெருவில் நடக்கிறோம். அந்த நடை எனக்குப் பிடித்திருக்கிறது.

நேற்று எறையூரிலிருந்து அத்தை கரும்புச் சாறு கொண்டுவந்தார்.

"ஒரு வாய் குடிடி. ஒண்ணும் ஆவாது."

"வேணாம்மா. உன் மாப்ள பேப்பர்ல போட்டுடுவாரு" என்று சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கி நான் இதக் குடிச்சுத்தான புள்ள பொட்டிக்குள்ள கெடந்தான்... இந்தப் புள்ளைக்காச்சும் நான் கெடுதல் பண்ணக் கூடாதுங்க."

சொல்லியிருக்கலாம். அந்த நேரம் அதற்கென்றே வந்தது போலிருந்தது...

அத்தை டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "வீணாப் போவுது. நீங்களாச்சும் குடிங்க மாப்ள."

செல்வி பார்த்துக்கொண்டிருக்க, முழுவதையும் குடித்தேன்.