பத்து நிமிடத்தில் வந்த மனைவி

இந்த ஊரில் சனிக்கிழமை காலைகளில் நூலக மாடியில் எட்டுப் பேர் கூடி, யாரும் கேட்காமலே எழுதுகிறார்கள். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரம். நான் மேற்படிப்புக்கு வந்து எட்டு மாதமாகிறது. கூட்டத்தை நடத்தும் மோராக், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். முட்டை வடிவத்தில் இருக்கும் சமையலறைக் கடிகாரத்தைத் திருகி மேசைமேல் வைத்து, "பத்து நிமிடம், கை நிற்கக் கூடாது" என்பார். அது அடித்ததும் பேனாவை வைத்துவிட வேண்டும். மார்க் இல்லை, பாஸ் பெயில் இல்லை, கடைசியில் பிஸ்கட் உண்டு. மார்க் இல்லாத இடத்தில் மனிதர்கள் இவ்வளவு வேகமாக எழுதி நான் பார்த்ததே இல்லை.

முதல் நாள் கடிகாரம் ஓடத் தொடங்கியதும் என் கை தானாகவே மார்ஜின் போட்டது. வலது மூலையில் என் பிளஸ் டூ பதிவெண்ணை எழுதியது. மோராக் குனிந்து பார்த்து அது என்ன எண் என்றார். "அங்கே எங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். வாசலில் காவலுக்கு ஆள் நிற்பார். பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் வெளியே இழுத்துப் போவார்கள்" என்று பரீட்சை மண்டபத்தை விளக்கினேன். அவர் என் தோளைத் தட்டி, இங்கே பயமில்லை என்று சொல்லி இரண்டு பிஸ்கட் கூடுதலாகக் கொடுத்தார். நான் சிறையில் இருந்து வந்தவன் என்று அந்த எட்டுப் பேரும் நம்பியது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பா சிறு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கப்பலேறி வந்தவர். இப்போது கொடைக்கானல் மலைப் பக்கம் பாச்சலூரில் காப்பித் தோட்ட வேலை. இலங்கையில் தங்கிவிட்ட சொந்தங்களிடமிருந்து கடிதம் வந்தால் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் வைத்து, எல்லா வீட்டுக்கும் கேட்கும்படி நான் சத்தமாகப் படிப்பது வழக்கம். அதில் 'நான்' என்று வந்தால் தபால் போட்டவன். 'என் மனைவி' என்று வந்தால் அவன் பெண்டாட்டி. வேறுவிதமாக யாரும் கேட்டதில்லை. அந்த வழக்கத்தை நான் மறந்ததுதான் வினை.

மோராக் கொடுத்த பயிற்சிகளை என் வலைப்பூவில் தமிழில் போட்டுவந்தேன். கொடைக்கானலில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் என் நண்பன் டேவிட், ஒவ்வொன்றையும் பிரிண்ட் எடுத்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவான். லயத்தை ஒட்டிய கடைக்காரர் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். ஒரு வாரம் வந்த பயிற்சி: உனக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒருவனாக மாறி, 'நான்' என்று எழுது. நான் எழுதினேன்: "என் மனைவிக்கு உருளைக்கிழங்கு வேகவைக்கத் தெரியாது. பதினோரு வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்."

அடுத்த ஞாயிறு கடைக்குப் போன் போட்டேன். அப்பா நலம் விசாரிக்கவில்லை.

"ஏலே, பதினோரு வருசமாவா?"

"அப்பா, அது கதைப்பா."

"அப்ப நீ ஒம்பதாப்புடா! ஆஸ்டல்ல விட வேணாம்னு உங்கம்மா அன்னைக்கே தலபாடா அடிச்சுக்கிட்டா."

"பயிற்சிப்பா. வேற ஆளா நெனச்சுக்கிட்டு எழுதணும்."

"வேற ஆளுன்னா அவன் பேரப் போட்டு எழுது. 'நான்'னு எதுக்குலே எழுதுற?"

அந்தக் கேள்வியை அப்படியே குறித்துக்கொண்டேன். மோராக்கிடம் கேட்க வேண்டும்.

இதைவிடப் பெரிய இடி கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் போளூரில் விழுந்திருந்தது. நான் புறப்படும் முன் எனக்கென்று அந்த ஊர் மலர்விழிக்குப் பூ வைத்து, தை மாதம் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். அவள் வீட்டாரும் எங்களைப் போல இலங்கையில் இருந்து வந்தவர்கள். போளூரில் குத்தகை நிலத்தில் உருளைக்கிழங்கு போடுகிறார்கள். அவள் அப்பா சொன்னதை டேவிட் போனில் அப்படியே ஒப்பித்தான்: "கெழங்கு போட்டுப் பொழைக்கிற வீட்டுப் பொண்ணுக்கு கெழங்கு வேகவைக்கத் தெரியாதுன்னு ஊரறிய எழுதிப்புட்டான். அவனுக்கு எதுக்குங்க எம் மக?"

"இப்பவே அழிச்சிடறேன்டா" என்றேன்.

"அழிச்சா நெசம்னு ஆயிரும் மாப்ள. அழிச்சும் என்ன செய்ய? ஜெராக்ஸ் நாலு வீட்டுல கெடக்கு."

நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இங்கே எல்லாச் சாப்பாட்டிலும் உருளைக்கிழங்கு.

மலர் கொடைக்கானலில் சாக்லேட் கடையில் வேலை பார்க்கிறாள். ஐந்தாம் நாள் டேவிட்டின் சென்டருக்கு வந்து, அவனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, என் பதிவின் கீழ் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தாள்:

"கதை நல்லாருக்குங்க. ஆனா கெழங்கு வேகலைன்னா அவ என்ன செய்வா? பழைய கெழங்கா இருக்கும், தண்ணி கடுசா இருக்கும். பதினோரு வருசமா அந்த ஆளு ஒரு நாளாவது அடுப்புகிட்ட வந்து பாத்தாரா? அவளுக்கு ஒரு பேரு கூட நீங்க வைக்கல. எங்கப்பாகிட்ட, அது பரீட்சையில வந்த கேள்வி, பதில் எழுதிருக்காருன்னு சொல்லிட்டேன். சரின்னுட்டாரு. உங்கப்பாகிட்டயும் வெரசா அப்படியே சொல்லிருங்க."

புதிதாக வலைப்பூ தொடங்கும் நண்பர்கள் என்னிடம் குறிப்புக் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான்: உங்கள் கதையில் வரும் மனைவிக்காகக் கோபப்படும் வாசகர் ஒருவர் கிடைத்தால், மற்ற பின்னூட்டங்களைப் பிறகு படித்துக்கொள்ளலாம். நான் கதையைத் திருத்தி எழுதினேன். அந்த ஆள் அடுப்பருகே வந்தான். அவளுக்குப் பெயர் மட்டும் வைக்கவில்லை. வைத்தால் போளூரில் இன்னொரு பஞ்சாயத்து கூடும்.

அப்பாவிடமும் பரீட்சை என்றே சொன்னேன். நிம்மதியாக மூச்சு விட்டார்.

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? எத்தனை மார்க்கு?"

முழு மார்க் என்றால் நம்பமாட்டார். "எழுபத்திரண்டுப்பா."

"ம். கெழங்குலதான் கொறஞ்சிருக்கும்."

வலைப்பூவின் ஓரத்தில் சின்ன உலக வரைபடம் ஒன்று மாட்டியிருக்கிறேன். யார் எங்கிருந்து வாசிக்கிறார்களோ அங்கே சிவப்புப் புள்ளி விழும். மலர் கொடைக்கானலில் உட்கார்ந்து திறந்தால் அது அவளைச் சென்னையில் காட்டுகிறது. அவள் சென்னையைப் பார்த்ததே இல்லை. நான் திறந்தால் என் புள்ளி அபர்டீன் கரையைத் தாண்டிக் கடலுக்குள் விழுகிறது. தினமும் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். இரண்டும் அவரவர் இடத்தில் இல்லை. ஆனால் இரண்டும் இருக்கின்றன.