ஞாயிற்றுக்கிழமை வந்த இடுப்பு வலி

கவிதா மூன்றாம் முறையாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மேனாம்பேட்டில் பிசியோதெரபி கிளினிக் நடத்திய காலம் அது. அவள் வாலிபாலில் எகிறி அடிக்கிற ஸ்பைக்கர். மாநில அணித் தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

விளையாட்டுக்காரர்களுக்கு முதுகு ஏன் போகும் என்று ஒரு லிஸ்ட் வைத்திருந்தேன். பழைய காயம், திடீரென்று கூட்டிய பயிற்சி, தொடையின் பின்பக்கம் இறுகிய ஹாம்ஸ்ட்ரிங், வயிறும் முதுகும் சேர்ந்த கோர் தசையில் பலமின்மை, குதித்து இறங்குவதில் தப்பான லேண்டிங், குறைந்த தூக்கம். எல்லாவற்றையும் பார்த்துச் சரிசெய்தாயிற்று. வலி மட்டும் போகவில்லை.

"இன்னா டாக்டரம்மா, பொண்ணு தேறுமா தேறாதா? இல்லன்னா வேற ஆள பாக்கணும்" என்று கோச் போனில் அவசரப்படுத்தினார்.

அவள் ஃபைலைத் திரும்பப் புரட்டினேன். திங்கட்கிழமைகளில்தான் வலி அதிகம். ஞாயிற்றுக்கிழமை பயிற்சியே கிடையாது.

"ஞாயித்துக்கிழம இன்னா பண்ணுவ?"

"சும்மா ஊட்லதான் கீறேன் மேடம். அப்பாவ தூக்கி தலைக்கு தண்ணி ஊத்துவேன்."

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம். இடது பக்கம் சரியாக வராது. அம்மாவுக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில் காலை ஷிப்ட். தினமும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவரைத் தூக்கித் திருப்பி வைப்பது இவள்தான். ஞாயிறன்று குளியலுக்காக இன்னும் நாலைந்து தடவை. குனிந்து, சுமையோடு இடுப்பைத் திருப்பும் வேலை. அதைவிட முதுகுக்குக் கெடுதல் வேறில்லை.

"வெயிட் தூக்குவியான்னு எத்தனவாட்டி கேட்டேன்? ஏன்டி சொல்லல?"

"அப்பா இன்னா வெயிட்டா மேடம்?" என்றாள்.

அன்று சாயங்காலமே நூம்பலில் அவள் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவள் அப்பா மெல்லக் குழறிக் கேட்டார்: "என்னாலதானாம்மா அதுக்கு நோவு?"

இல்லை என்று சொல்லிவிடத்தான் ஆசை. "அதுவும் ஒரு காரணம்தாங்க. ஆனா உங்க வலது கால்ல நல்ல தெம்பு கீது. நீங்க எழுந்து நின்னா அவளுக்குப் பாதி வலி போய்டும்" என்றேன்.

நாளையிலிருந்து அவரைத் தனியாகத் தூக்கக் கூடாது, அம்மாவோ பக்கத்து வீட்டுக்காரரோ கூடப் பிடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். இடுப்பில் பெல்ட் கட்டி, வலது காலை ஊன்றி எழுந்து நிற்க அவருக்குப் பயிற்சி கொடுத்தேன். மகளின் முதுகுக்கு அப்பாவுக்கு வைத்தியம் பார்த்தது அதுதான் முதல் தடவை. சில நாள் அழுவார். சில நாள் என்னைத் திட்டுவார். நானும் திட்டுவேன். மறுநாள் நான் போவதற்கு முன்பே பெல்ட்டோடு தயாராக இருப்பார். கவிதாவின் திங்கட்கிழமை வலியும் வாராவாரம் குறைந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மைதானத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். வீட்டில் யாரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் கேளுங்கள். அன்பாகச் செய்கிற வேலையை யாரும் பாரம் என்று சொல்ல மாட்டார்கள்.

தேர்வு நாளன்று மத்தியானம் கவிதா போன் செய்தாள். செலக்‌ஷன் என்னாயிற்று என்று நான் கேட்பதற்குள் கத்தினாள்: "மேடம், காலைல அப்பா என் கைய தள்ளிவுட்டுட்டு தானே எழுந்து நின்னாரு!"

அழுது முடித்துவிட்டு, "ஆங்... என்னயும் எடுத்துட்டாங்க மேடம்" என்றாள்.