முகாம் எட்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசலில் தயாளினி ஆட்டோவைத் திருப்பினால், நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு வாலை மட்டும் மடக்கிக்கொண்டு அசைபோடும். எழுந்திருக்காது, அவள்மேல் அவ்வளவு நம்பிக்கை. நானே பார்த்தேன். பக்கத்து மாடு கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அவள் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்து, இங்கே அகதிகள் முகாமில் வளர்ந்தவள். அப்பா யோகநாதனும் அம்மாவும் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர்கள். காகிதத்தில் அவள் 'இலங்கை அகதி'. அந்த இலங்கையை நோக்கி அவள் அதிகபட்சம் போனது, பழவேற்காட்டு ஏரியில் தோழிகளோடு படகுச் சவாரி போன அன்றுதான். அதிலும் பாதி வழியில் வாந்தி.

சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்த்தவள் ரோசம்மாள். களை பறித்த கையோடு கம்பெனிக்கு வந்தவள். அவள் மகன் குவைத்துக்குப் போனபின் அவனுடைய ஆட்டோ வாசலில் சும்மா நின்றது. பின் சீட்டில் கோழி முட்டையிட்டு அடைகாத்தது. அந்தச் சமயத்தில்தான் ஷிப்டு முடித்து வரும் பெண்களை வீட்டில் விட, பெண் ஓட்டுநர் ஒருத்தி வேண்டுமென்று கம்பெனியில் சொன்னார்கள்.

"லைசென்ஸ் எடுத்துக்கினு வாமே தயா, வண்டிய நீயே ஓட்டு. கோழிக்கு நான் வேற ஊடு பாத்துக்குறேன்" என்றாள் ரோசம்மாள்.

செய்தி ஆட்டோ ஸ்டாண்டுக்கு எட்டியது. ஸ்டாண்டுத் தலைவர் தேசப்பன் அவளை வழியில் நிறுத்தினார்.

"இங்க பொறந்தவனே சவாரி இல்லாம குந்திக்கினு கீறான். அகதிக்கு இன்னாத்துக்கு லைசென்ஸு?"

"நானும் இங்கதான் அண்ணே பிறந்தனான். நீங்க பிறந்த அதே ஆஸ்பத்திரி."

"ஆஸ்பத்திரிய உடு. உன் நாடு வேற."

"நான் ஓட்டப் போறது உங்கட ரோட்டிலதானே அண்ணே. அதில ஒழுங்கா ஓட்டுறனோ எண்டு பாருங்கோ."

ரோசம்மாளையும் கூட்டிக்கொண்டு போன போக்குவரத்து அலுவலகக் கவுன்ட்டரில் அந்தக் கேள்வி இன்னும் பெரிதாயிற்று.

"பாஸ்போர்ட், விசா எங்கம்மா? நீங்க ஃபாரினராச்சே" என்றார் எழுத்தர்.

தயாளினி திரும்பிப் பார்த்தாள், தனக்குப் பின்னால் வெள்ளைக்காரர் யாராவது நிற்கிறாரோ என்று. யாரும் இல்லை. ஆதாரையும் முகாம் அடையாள அட்டையையும் நீட்டினாள்.

"இந்தக் கார்டு அரிசி வாங்கத்தான். வண்டி ஓட்ட ஆவாது."

"ஏன் சார், அந்தக் கார்டு வச்சிருந்தா பிரேக் புடிக்காதா?" என்றாள் ரோசம்மாள்.

தயாளினி அவளை அடக்கினாள். "பரவாயில்ல ஐயா. எனக்குத் தர ஏலாது எண்டு எழுதி, ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்கோ. நான் கொண்டு போறன்."

எழுத்தர் பேனா மூடியைத் திறந்தார். பேனாவைப் பார்த்தார். மூடினார். கையெழுத்துக்கு அரசு அலுவலகம் பயப்படுவதுபோலப் புயலுக்குக்கூடப் பயப்படாது. எழுந்து உள்ளே போனவர், வரும்போது சாந்தமாக வந்தார்.

"விலாசம் இருக்குது, வயசுக்கு ஆதாரம் இருக்குது, போதும்னு ஆபீசர் சொல்றாரு. போட்டோ எடுக்கணும், உள்ள வாங்க."

என்னைக் கேட்டால் ஆபீசர் சொன்னது சரி. எதிரே டேங்கர் லாரி வரும்போது, நம் ஆட்டோக்காரியின் தாத்தா எந்தக் கரையில் பிறந்தார் என்று யார் கேட்கிறார்கள்? கண் தெரிகிறதா, கை நிதானமா, அவ்வளவுதான் கேள்வி.

பழகுநர் உரிமம் வந்தது. இனி ஓட்டுநர் தேர்வுக்கு எட்டு போட வேண்டும். யோகநாதன் பெயிண்டர், முகாமில் பாதி ஆண்களுக்கு அதுதான் தொழில். அதிகாரிகள் மேசை போட்டு ஆட்களை எண்ணித் தணிக்கை செய்கிற காலி இடத்தில், மகளுக்காக வெள்ளைப் பெயிண்டில் அழகாக ஓர் எட்டு வரைந்து கொடுத்தார். முகாமில் எல்லாமே இருக்கிற இடத்துக்குள் அடங்க வேண்டும். சமையல், கல்யாணம், சண்டை எல்லாம் அப்படித்தான் அடங்கின. எட்டையும் அப்படியே அடக்கிவிட்டார். அந்த எட்டில் பூனை திரும்பினால் தன் வால் தன் மீசையில் உரசும். குடங்கள் நசுங்கின, கொடிக்கயிறு அறுந்தது, கடைசியில் ஆட்டோ பூனையைத் தோற்கடித்தது.

தேர்வு நாளன்று தேசப்பன் தன் ஆட்களோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். மோட்டார் வாகன ஆய்வாளர் நர்மதா கையசைத்தார். தயாளினி மைதானத்துப் பெரிய எட்டுக்குள் நுழைந்தாள். கை பழகிய இடத்தில் கை திரும்பியது. எட்டின் மேல் வளையத்துக்குள்ளேயே ஒரு முழுக் குட்டி எட்டைச் சுழற்றிப் போட்டுவிட்டு, வெளியே வந்து நிறுத்தினாள். கீழ் வளையத்தை அவள் தொடவே இல்லை.

"இன்னாடா இது, எட்டு குட்டி போட்டுக்கினு கீது!" தேசப்பன் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஃபெயிலு, ஃபெயிலு!"

தயாளினிக்கு வேலையும் வண்டியும் கையை விட்டுப் போவது தெரிந்தது. ரோசம்மாள் ஜெபத்தில் இறங்கிவிட்டாள்.

"எங்கம்மா கத்துக்கினே?" என்றார் நர்மதா.

"முகாமில மேடம். அங்க இவ்வளவுதான் இடம்."

நர்மதா தேசப்பன் பக்கம் திரும்பினார். "சிரிக்கிறவரே, அந்தக் குட்டிய நீங்க போடுங்க பாப்போம்."

இருபது வருஷ ஓட்டுநர் மறுக்க முடியுமா? தேசப்பன் தன் ஆட்டோவை மைதானத்தில் இறக்கினார். முதல் திருப்பத்தில் ஒரு சக்கரம் தூக்கியது. இரண்டாவதில் வண்டி மைதானத்தைத் தாண்டி முள்ளுச்செடிக்குள் போய் முகம் புதைத்தது. அவருக்குக் காயமில்லை, வேட்டியை மட்டும் முள் விடவில்லை.

"நீ கோட்டோட போம்மா. இன்னொரு தபா" என்றார் நர்மதா.

இம்முறை தயாளினி கோட்டைப் பார்த்தாள். முகாமோடு ஒப்பிட்டால் அந்த எட்டு ஒரு நெடுஞ்சாலை. இரண்டு வளையத்தையும் நிதானமாகச் சுற்றி, ஒரு கோட்டையும் தொடாமல் வந்து நின்றாள்.

"பாஸ்."

ரோசம்மாளின் "அல்லேலூயா" ஆந்திர எல்லை ஆரம்பாக்கம் வரை கேட்டதாகச் சொல்கிறார்கள்.

உரிமம் தபாலில் முகாம் விலாசத்துக்கே வந்தது. முதல் நாள் சவாரி, பின்னால் நான்கு பெண்கள். ஜி.என்.டி. நெடுஞ்சாலையில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். போலீஸைக் கண்டால் முகாம் பிள்ளைகள் சந்துக்குள் ஒதுங்குவார்கள். தயாளினிக்கோ வாயெல்லாம் பல்.

"லைசென்ஸ்?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் கையில் வைத்தாள். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவளுக்கு அது போதவில்லை.

"இன்னும் வடிவாப் பாருங்கோ சார். போட்டோவும் நல்லாத்தான் இருக்கு."

"எல்லாம் சரியாத்தான்மா கீது. கெளம்பு, பின்னாடி லாரி நிக்குது!"

அவள் வேண்டுமென்றே ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பினாள்.