ஹோம் பிளேட்டில் என் மனைவி

கையுறை அவளைத் தொட்டதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் தீர்ப்பும் சொன்னேன்.

அவள் என்றது என் மனைவியை. பேர்லினில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்யும் ஜெர்மன்காரி ஒருத்தி இவளைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு பேஸ்போல் குழுவில் சேர்த்துவிட்டாள். ஆணும் பெண்ணும் கலந்து விளையாடுகிற, லீக்கின் ஆகக் கடைசிப் படியில் கிடக்கிற குழு அது. நாற்பது தாண்டிய பிறகு இதெல்லாம் தேவையா என்று கேட்டேன். "நீங்கள் சோபாவில கிடந்து போனைப் பார்க்கிறது மட்டும் தேவையோ?" என்றாள். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

அங்கேதான் நான் மாட்டினேன். கீழ்ப்படி ஆட்டங்களுக்கு, மைதானம் யாருடையதோ அந்தக் கிளப்தான் நடுவரையும் கொடுக்கவேண்டும். அந்த வேலையை யாரும் விரும்புவதில்லை. யாழ்ப்பாணத்தில் நான் கிரிக்கெட்டுக்கு நடுவராக நின்றவன் என்று இவள் பெருமையடித்துவைக்க, பயிற்சியாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஒரு வார இறுதி வகுப்பு, ஒரு சின்னப் பரீட்சை, ஒரு நீலச் சட்டை. நடுவர் தயார்.

கிரிக்கெட்டில் ஒருவர் ரன் அவுட் ஆனால் விக்கெட் விழுவதைக் கண்ணால் பார்க்கலாம். பேஸ்போலில் விழுவதற்கு ஒன்றும் இல்லை. ஓடிவருகிறவர் ஹோம் பிளேட் என்கிற, தரையில் பதித்த தட்டைத் தொடுமுன், எதிர்க்குழு ஆள் பந்து இருக்கிற கையுறையால் அவருடைய உடம்பைத் தொட்டால் அவுட். கையுறையோ தோசைக்கல் அளவு. ஓடிவருகிறவர் விழுந்து சறுக்குவார், புழுதி கிளம்பும், அதற்குள்ளே எது எதைத் தொட்டது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இதைவிட எனக்கு வேறொரு வில்லங்கமும் இருந்தது. கிரிக்கெட்டில் களத்தில் நிற்பவர்கள் கேட்டால்தான் நடுவர் விரலைத் தூக்குவார். கேட்காவிட்டால் அவுட் இல்லை. அந்தப் பழக்கம் இரத்தத்தில் ஊறிவிட்டது. இங்கே யாரும் கேட்பதில்லை; தொட்டுவிட்டு எழுந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் கேட்பார்கள் என்று நானும் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். யாராவது பொறுமையிழந்து கத்தும்போதுதான் எனக்கு உறைக்கும்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. முதன்முதலாக ஹோம் பிளேட்டைத் தொட்டு ஓட்டம் எடுத்தவர், அடுத்த பயிற்சிக்கு எல்லாருக்கும் தின்பதற்கு ஏதாவது கொண்டுவரவேண்டும். ஆப்பிள் கேக், உருளைக்கிழங்கு சாலட் என்று ஒவ்வொருவராகக் கொண்டுவந்து முடித்துவிட்டார்கள். மிச்சம் இவள் ஒருத்திதான். ஹோம் பிளேட்டுக்கு முந்தின மூன்றாவது பேஸ் வரைக்கும் வருவாள், அதற்குள் மற்றவர்கள் அவுட் ஆகிவிடுவார்கள். "நான் இறைச்சி றோல்ஸ் பொரிச்சுக் கொண்டுபோவன், பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் புரட்டாதியில் வந்ததுதான் அவளுடைய கடைசி ஆட்டம். முழங்கால் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்து டெர்மின் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஓடுவதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் நேராகவே சொல்லியிருந்தார்.

எதிர்க்குழுவின் தலைவர் ஆட்டத்துக்கு முன்னால் என்னிடம் வந்து, அது உங்கள் மனைவியா என்று கேட்டார். ஆம் என்றேன். வேறு நடுவர் இல்லை என்றும் சொன்னேன். பரவாயில்லை என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். அந்தப் பரவாயில்லை ஆட்டம் முழுவதும் என் காதிலேயே நின்றது.

கடைசிச் சுற்றில் இவள் மூன்றாவது பேஸில் நின்றாள். எங்கள் ஆள் ஒருவர் பந்தைத் தூரமாக அடித்தார். இவள் அந்த முழங்காலோடு ஓடிவந்தாள். பந்தும் வந்தது. தட்டுக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கிற எதிர்க்குழுவின் கட்சர், தாடி வைத்த பெரிய மனிதர், பந்தைப் பிடித்துத் திரும்பிக் கையுறையை வீசினார். இவள் சறுக்கினாளா விழுந்தாளா என்று சொல்லமுடியாது. இடுப்பை எக்கி ஒரு பக்கம் வளைந்தாள். கால் தட்டில் இருந்தது. கையுறை இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. பக்கத்திலா, இடுப்பிலா?

யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் காத்திருந்தேன். இரண்டு குழுவும் என்னையே பார்த்தன. பிறகு என் கை தானாக முஷ்டி பிடித்து மேலே போனது. அவுட்.

புழுதியில் கிடந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்து, "என்னப்பா" என்றாள், மெதுவாக. அவ்வளவுதான். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனாள்.

ஆட்டம் முடிந்ததும் அந்தக் கட்சர் என்னிடம் வந்து கை கொடுத்தார். "நன்றாகப் பார்த்தீர்கள். அவரைத் தொட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை" என்றார் ஜெர்மனில். தொட்டவருக்கே தெரியாததை நான் எப்படிப் பார்த்தேன்? கண் பார்த்ததா, அல்லது மனைவிக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டான் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயம் கையைத் தூக்கியதா? பிரித்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் யு-பான் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கோபமாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து சோறு போட்டாள், கறி காணுமா, இன்னும் போடவா என்று கேட்டாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்தக் கிழமை முழுவதும் என் தலைக்குள் அந்த ஓட்டம்தான். ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர் வேலை எனக்கு. கதவுகளைப் பூட்டும்போதும் இடுப்பும் கையுறையும்தான் கண்ணில் வந்தன. ஒரு நேரம் தொட்டமாதிரி இருக்கும், ஒரு நேரம் தொடாதமாதிரி இருக்கும்.

பயிற்சி நாளன்று வேலையால் வந்தால் வீடெல்லாம் எண்ணெய் மணம். அடுப்படியில் நின்று றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். பெரிய பெட்டி ஒன்று ஏற்கனவே நிரம்பியிருந்தது.

"ஆருக்கு இது?"

"குழுவுக்கு. பயிற்சியெல்லோ இண்டைக்கு."

ஓட்டம் எடுத்தவர்தானே கொண்டுபோகவேண்டும். கேட்காமல் இருக்க முடியவில்லை. "உண்மையைச் சொல்லும். அவர் உம்மைத் தொட்டவரோ, இல்லையோ?"

அவள் எண்ணெய்க்குள் இருந்ததைத் திருப்பிப் போட்டாள். "ஊரில நீங்கள் கிரிக்கெட்டுக்கு நடுவரா நிக்கேக்க, சந்தேகம் வந்தா ஆருக்குச் சாதகமாத் தீர்ப்புக் குடுத்தனீங்கள்?"

"ஓடின ஆளுக்கு."

"முன்பின் தெரியாத ஆக்களுக்கும்?"

"ஓம்."

அடுப்பை நிறுத்தினாள். பெட்டியை மூடி, என் கையில் தந்தாள். "அப்ப தூக்குங்கோ" என்றாள்.

பெட்டி சூடாக இருந்தது. தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.