மூட விடாத நீரூற்று

கூலிம் நகருக்கு வெளியே, எங்கள் தாமான் குடியிருப்பின் மண்டபத்துக்கு முன்னால் ஒரு நீரூற்று இருக்கிறது. வட்டத் தொட்டி, நடுவில் தூண், அதன்மேல் தாமரை வடிவக் கிண்ணம். இந்த நிலம் ரப்பர்த் தோட்டமாக இருந்தபோது அது துரை பங்களாவின் முன்னால் நின்றது. கட்டிய ஆண்டு எங்கும் பொறிக்கப்படவில்லை. மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று வெவ்வேறு ஆண்டுகளைச் சொன்னார்கள். என் குறிப்பேட்டில் ‘தெரியவில்லை’ என்றே எழுதியிருக்கிறேன்.

தெரிந்தது ஒன்று உண்டு. அன்று அதற்கு மின்பம்பு கிடையாது. மேட்டில் இருந்த தண்ணீர்த் தாங்கியிலிருந்து குழாய் இறங்கிவரும். அந்த உயரமே தண்ணீரை மேலே எழுப்பும். ஐரோப்பிய அரண்மனைத் தோட்டங்களிலும் வெகுகாலம் இப்படித்தான் என்று படித்திருக்கிறேன். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லயத்துக்கும் அதே தாங்கிதான். லயத்துக் குழாயில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். துரையின் நீரூற்று பகல் முழுவதும் ஓடும். அம்மா வாளியோடு வரிசையில் நின்று அதைப் பார்த்திருக்கிறார்.

நான் ஓய்வு பெற்றதிலிருந்து அதைப் பராமரித்து வருகிறேன். தினமும் இலை அள்ளுவேன். வெள்ளிக்கிழமைகளில் பம்பைக் கழற்றி, சல்லடையைப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பேன். கொசுப்புழுவைத் தின்னக் கப்பி மீன் விட்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் குறிப்பேட்டில் தேதி உண்டு.

இந்த ஆடி மாதம் கோயில் திருவிழா முடிந்ததும், பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றார்.

“அண்ணே, மிச்சத்த எங்க ஊத்துறது? கால் படுற எடத்துல ஊத்தக் கூடாது லா.”

“தொட்டியில ஊத்துங்க” என்றேன். வேப்பிலையோடு ஏழெட்டுக் குடம் இறங்கியது. மறுநாள் காலை பாக்கார் ஆராங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டேன். குறிப்பேட்டில் ஒன்பது நாள் வெறுமையாக இருக்கிறது.

திரும்பி வந்தபோது தண்ணீர் ஓடவில்லை. சல்லடை முழுக்க வேப்பிலை. மீன்கள் செத்திருந்தன. அதற்குள் சுகாதார இலாகா அதிகாரிகள் வந்து கொசுப்புழுவைப் பார்த்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மண்டபக் கூட்டத்தில் குடியிருப்புச் சங்கத் தலைவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், முடிவைச் சொன்னார். “சனிக்கெழம மணல் லோரி வருது. தொட்டிய மூடிட்டா நாலு காடி நிறுத்தலாம்.” கார் நிறுத்த இடமில்லை என்பது அங்கே பழைய புகார்.

“புழு வந்ததுக்குத் தொட்டி காரணமில்ல, நான்தான்” என்று எழுந்தேன். குறிப்பேட்டைத் திறந்து திருவிழா நாளையும் வெற்று நாட்களையும் காட்டினேன். “ஓடுற தண்ணியில கொசு முட்ட வைக்காது. ஓட விடுங்க.”

“வெள்ளக்காரன் தொட்டிக்கு நீங்க பூசாரியாண்ணே?” என்று தலைவர் கேட்டார்.

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அதுல ஓடுனது எங்கம்மாவுக்குக் கெடைக்காத தண்ணி. இப்பதான் அது நம்ம கைக்கு வந்திருக்கு. மூடணும்னா என்னையும் சேத்து மூடுங்க.”

“அண்ணே, சும்மா பேசாதீங்க லா” என்றார் தலைவர். கூட்டம் கலைந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் தொட்டியில் இறங்கினேன். தண்ணீரை இறைத்து, பாசியைச் சுரண்டி, புதுத் தண்ணீர் நிரப்பி, பம்பை மாட்டினேன். கிண்ணத்துக் குழாய் முனையின் அடைப்பை ஊசியால் குத்திக்கொண்டிருக்கும்போது லாரி வந்தது. தலைவர் பின்னாலேயே வந்தார்.

“அங்கிள், மேல ஏறுங்க. மணல் கொட்டணும்” என்றார் ஓட்டுநர்.

“கொட்டுங்க. நான் இங்கதான் நிப்பேன்.”

ஓட்டுநர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தொட்டி விளிம்பில் குனிந்து, “வயசான காலத்துல ஏண்ணே இந்த வீம்பு?” என்றார்.

மண்டப வாசலிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. “அண்ணே, சுவிட்ச போடவா? நனைஞ்சிருவீங்க!”

“போடுங்க!”

முதலில் மஞ்சள் கலங்கலாக ஒரு கொப்பளிப்பு. பிறகு தெளிந்த தண்ணீர் என் தலைக்கு மேல் எழுந்து, தலைவரின் இஸ்திரி போட்ட சட்டையிலும் விழுந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். ஓட்டுநரும் சிரித்தார்.

“இத அப்புறம் பேசுவோம்” என்று தலைவர் முகத்தைத் துடைத்தார். “மணல வேலியோரமா கொட்டு.”

அந்தப் பேச்சை அவர் இன்னும் எடுக்கவில்லை. எடுத்தாலும் என் பதில் அதேதான். மணல் வேலியோரம் அப்படியே கிடக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதில் ஒரு வாளி அள்ளிவந்து தொட்டியின் பாசியைத் தேய்க்கிறேன். நன்றாகவே போகிறது.