மாமா பிடித்த சாணை

ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள், துபாயில் ஐஸ் ஹாக்கியா என்று. ஆமாம், ஐஸ்தான், ஹாக்கிதான், துபாய்தான். வெளியே கார் கதவைத் தொட்டால் கை பொசுங்கும். மாலுக்குள்ளே செருப்புக் கடையைத் தாண்டினால் பனித்தளம். அங்கே உட்கார்ந்தால் மூக்கு நுனி மரத்துப்போகும். நான் இப்போது கல்லூரிப் பெண்கள் அணியில் ஆடுகிறேன். ஆனால் இந்த அணி என் காலம் வரை உயிரோடு இருந்ததற்குக் காரணம் நானோ, எங்கள் வீட்டாரோ இல்லை. சரியாகச் சொன்னால், நாங்கள் குடும்பமாகச் சேர்ந்து அதைக் கொன்றுவிடத்தான் பார்த்தோம்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அக்காவுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். இன்றைக்கு நான் ஆடுகிற இதே அணியில் அன்றைக்கு அவள் தடுப்பாட்டக்காரி. அந்த சீசனில் ஐந்து ஆட்டம். நாலு முடிந்திருந்தது, நாலிலும் தோல்வி. தோற்றதுகூடப் பெரிதில்லை. சீசனை முழுசாக ஆடி முடிக்காவிட்டால் அடுத்த வருஷம் அணியே கிடையாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். குறைந்தது ஏழு பேர் இறங்க வேண்டும், இல்லையென்றால் எதிரணி ஆடாமலேயே ஜெயித்ததாக எழுதிக்கொள்வார்கள் என்பது விதி. ஒருத்திக்குக் கை முறிந்திருந்தது, ஒருத்தி லீவில் ஊருக்குப் போய்விட்டாள். மிச்சம் இருந்தது சரியாக ஏழு பேர்.

கடைசி ஆட்டம் சனிக்கிழமை. வியாழக்கிழமை அக்கா சாப்பிடும்போது, "பிளேடு மழுங்கிப்போச்சும்மா, சனிக்கிழமை சீக்கிரமே போய் அங்க சாணை பிடிக்கணும்" என்றாள். அவள் சொன்னது அம்மாவிடம். காதில் வாங்கியது நான்.

வெள்ளிக்கிழமை மதியம் வழக்கம்போல மாமா சாப்பிட வந்தார். அம்மாவின் தம்பி. அல் குசைஸில் எங்கள் ஃபிளாட்டுக்கு நாலு தெரு தள்ளி ஓர் இரும்புப் பட்டறையில் வேலை. கேட், கிரில், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட் என்று அவர் வெல்டு வைக்காத பொருள் அந்த வட்டாரத்தில் குறைவு. அக்கா பரீட்சைக்குப் படிக்கத் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் அவளுடைய பையைத் திறந்து ஸ்கேட்ஸை எடுத்து மாமா மடியில் வைத்தேன். சாயங்காலம் அக்கா வந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்பது என் திட்டம்.

மாமா பிளேடைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"என்னட்டி இது, நடுவுல தேஞ்சு வாய்க்கா மாதிரில்லா கெடக்கு! இத மாட்டிக்கிட்டா உங்க அக்கா இம்புட்டு நாளா ஓடுதா? தோக்காம என்ன செய்வா?"

"ஏல, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எதையும் செய்யி" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"யக்கா, பன்னெண்டு வருஷமா இரும்போடதான் குடும்பம் நடத்துதேன். எனக்கே வகுப்பெடுக்கியா?"

லீவு நாளிலும் பட்டறைச் சாவி அவரிடம்தான் இருக்கும். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். பிளேடு கண்ணாடி மாதிரி மின்னியது. அந்த வாய்க்கால் போன இடம் தெரியவில்லை. ஒரு தக்காளியை எடுத்து பிளேடின் மேல் சும்மா வைத்தார். அது தானாக இரண்டாகி விழுந்தது. "இத வச்சு ஆடே உரிக்கலாம்" என்றார். நான் கைதட்டினேன். அம்மா தக்காளியைக் குழம்பில் போட்டுவிட்டாள். பிளேடுக்கு உறையை மாட்டி, இருந்த மாதிரியே பையில் வைத்தேன். அக்கா வந்ததும் சொல்லிவிடத் துடித்தேன். மாமாதான், "ஓடிப் பாத்து அவளே தெரிஞ்சுக்கிடட்டும்" என்றார்.

மறுநாள் காலையில் நாங்கள் எல்லோரும் போனோம். மாமா இரண்டு சட்டை, அதற்கு மேல் ஒரு ஸ்வெட்டர். அங்கே சாணை பிடிப்பவர் அன்றைக்கு வரவில்லை. அக்கா தோளைக் குலுக்கிவிட்டு, இருக்கிற கூரோடு சமாளித்துக்கொள்ளலாம் என்று உறையைக் கழற்றி, அவசரத்தில் அடியைப் பார்க்காமலே பனியில் கால் வைத்தாள்.

விழுந்தாள். எழுந்தாள். இரண்டு தப்படி போய்த் திரும்ப முயன்றாள், மறுபடி விழுந்தாள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

விஷயம் இதுதான். ஹாக்கி ஸ்கேட்டின் அடியில் அந்தப் பள்ளம் இருந்தே ஆக வேண்டும். பள்ளத்தின் இரு கரையும் இரண்டு விளிம்புகளாக நின்று பனியைக் கவ்வும். அந்தப் பிடியில்தான் நிற்பதும் திரும்புவதும். சாணை பிடிப்பது என்றாலே அந்தப் பள்ளத்தைப் புதுப்பிப்பதுதான். தேய்மானம் என்று நினைத்து மாமா அதைத்தான் கரைத்துவிட்டு, அருவாள் மாதிரி நடுவில் ஒரே கூராக இழுத்து வைத்திருந்தார்.

அக்கா தரையில் உட்கார்ந்து பிளேடைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, மேலே படிக்கட்டு இருக்கையில் இருந்த எங்களைப் பார்த்தாள். மாமா தடதடவென்று கீழே இறங்கிப்போய், "இப்பவே கொண்டா, பத்து நிமிஷத்துல பழையபடி ஆக்கித்தாரேன்" என்றார். எதைக் கொண்டு ஆக்குவது? கோச் வந்து, யார் செய்தது என்று கேட்டார். "நான்தான் சார், வீட்ல நானே தேய்ச்சுப் பார்த்தேன்" என்றாள் அக்கா. மாமா வாயைத் திறந்தார். அக்கா அவர் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள். வாடகைக்குக் கொடுப்பதெல்லாம் பிளாஸ்டிக் ஸ்கேட், அதைப் போட்டு ஆட அனுமதி கிடையாது. ஏழு, ஆறாகிவிட்டது. கோச் நடுவரை நோக்கிக் கையைத் தூக்கப் போனார்.

அப்போதுதான் எதிரணியிலிருந்து பச்சை ஜெர்சிப் பெண் ஒருத்தி தடுப்புச் சுவரோரம் வழுக்கிக்கொண்டு வந்து நின்றாள். அமீரகத்துப் பெண், ஹெல்மெட்டுக்குள் கறுப்புத் துணியால் தலையை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"உன் சைஸ் என்ன?"

"முப்பத்தெட்டு."

"எனக்கும் அதுதான். யல்லா, இதைப் போட்டுக்கோ. எனக்குக் காலையிலிருந்து கணுக்கால் வலி, ஆட முடியாது."

அவளுடைய கோச் ஓடிவந்து அரபியில் என்னவோ கத்தினார். அவள் போதும் விடுங்கள் என்பதுபோல் "கலாஸ், கலாஸ்" என்று சொல்லிக்கொண்டே லேஸை அவிழ்த்தாள். பிறகு பூனைப் படம் போட்ட காலுறையோடு படியேறி வந்து, நேராக என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா முறுக்கு டப்பாவை நீட்டினாள். அவள் இரண்டு எடுத்துக்கொண்டு, "அந்த பிளேடைப் பண்ணினது யாரு, உண்மையைச் சொல்லு" என்று என்னிடம் ஆங்கிலத்தில் ரகசியமாகக் கேட்டாள். நான் கண்ணாலேயே மாமாவைக் காட்டினேன்.

"வல்லாஹ்! உங்க மாமா சலூன் வைக்கலாம்" என்று முறுக்கு சிதறச் சிரித்தாள்.

அன்று அவள் செய்தது என்ன என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. பிறகு அக்கா சொல்லித்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அந்த ஆட்டத்தை ஜெயித்தால் அவர்கள்தான் பட்டியலில் முதலிடம். அவள் வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றிருந்தால் போதும், ஆடாமலேயே அது கிடைத்திருக்கும். அவளுக்கு அது கல்லூரியில் கடைசி வருஷம், கடைசி ஆட்டம். அணியில் அதிகம் கோல் போட்டவளும் அவள்தானாம். கணுக்கால் வலிப்பவள் அந்தப் படிக்கட்டை எப்படி ஏறி வந்தாள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நான் அவளுக்கு கோல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவளுக்குத் தெரியாத மாதிரி.

அவர்கள் இரண்டு, நாங்கள் ஒன்று. கடைசி நிமிஷங்கள். அக்கா தொலைவிலிருந்து அடித்தாள். எதிரணி கோலியின் காலில் பட்டுத் திரும்பியதை எங்கள் தெலுங்குக்கார அக்கா ஒருத்தி தள்ளிவிட்டாள். இரண்டுக்கு இரண்டு! நான் கத்திய கத்தலில் மால் முழுக்கத் திரும்பியிருக்கும். பக்கத்திலிருந்தவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அவள் ஒரு நொடி பனித்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கையையும் தூக்கி என் கைகளோடு தட்டினாள். "உங்க அக்கா நல்லா ஆடுறா" என்றாள்.

மணி அடித்தது. நாங்கள் தோற்கவில்லை. ஏழு பேரும் கடைசி வரை ஆடினார்கள். அடுத்த வருஷமும் அணி இருந்தது, அதற்கடுத்த வருஷமும் இருந்தது, இப்போது நான் இருக்கிறேன்.

கீழே ஓடிப்போனேன். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஸ்கேட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "ஜெயிச்ச மாதிரிதானேக்கா?" என்றேன். அவள் கழற்றியதைத் திருப்பி வைத்து, பிளேடில் ஒட்டியிருந்த ஈரத்தைத் தன் ஜெர்சியின் முனையால் துடைத்தாள். ஒரு சொட்டு விடாமல், மெதுவாக, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. சுத்தமான துண்டு ஒன்று பக்கத்திலேயே கிடந்தது.

"துண்டு இருக்கே, எதுக்கு ஜெர்சியில துடைக்கிற?" என்று கேட்டேன்.